அறுபது வயது ஆசானுக்கு முதல் நிலை பொருந்துமா?

ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராக வரும் கற்பனை உலகப் பாத்திரமேற்பு ஆட்டத்தில், அந்தப் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளின் வயதுக் கட்டத்தைப் பலரும் கடைசியில்தான் நிரப்புகிறார்கள். அதையே முதலில் நிரப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாத்திரம் எதில் தேர்ந்தது, எதை இழந்தது என்ற இரண்டுக்கும் வயதுதான் கணக்குச் சொல்கிறது.

பினாங்கில் ஆடும் எங்கள் குழு, ஜெராய் மலையை ஒட்டியிருந்த பழைய கடாரத்தைக் களமாகக் கொண்டு, 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கியதற்குப் பிந்தைய ஆண்டுகளில், மந்திரமும் பூதங்களும் உலவும் கதையொன்றை நடத்துகிறது. அதில் ஒருவர் அறுபது வயதுச் சிலம்ப ஆசானாக வர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் பின்பற்றும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்பு ஆட்டத்தின் விதிகளில், பாத்திரத்தின் தேர்ச்சி வளர்வதைக் காட்டும் 20 நிலைகள் உண்டு. ஆட்டமோ முதல் நிலையில் தொடங்குகிறது. வாழ்நாளெல்லாம் கம்பு சுழற்றியவர், புதிதாகக் கற்றுத் தேறிய இளைஞனுக்கு இணையாக நிற்பது எப்படி?

இருபது வயதிலிருந்து அவர் வாழ்க்கையைப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திலும் அவர் செய்த தொழில், பெற்ற ஒன்று, இழந்த ஒன்று என எழுதுங்கள். முதல் பத்தைக் கம்புக்குக் கொடுத்துவிட்டு, அடுத்தவற்றைத் துறைமுகப் பண்டகசாலைக் காவல், கணக்கெழுத்து, நோயுற்ற மனைவியைப் பேணியது எனப் பகிர்ந்தால், பழகாமல் மங்கிய கலையோடு அவர் முதல் நிலையில் நிற்பது இயல்பாகிவிடும். 1977-இல் வெளிவந்த டிராவலர் என்னும் விண்வெளி ஆட்டம் இதையே விதியாக்கியது: நான்காண்டுப் பணிக்காலம் ஒவ்வொன்றும் திறன்களைத் தரும், 34 வயதிலிருந்து முதுமைக்காகவும் பகடை உருட்ட வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், மனிதப் பாத்திரம் 35 வயதை எட்டும்போது வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி மூன்றும் ஒவ்வொரு புள்ளி குறைந்து, அறிவு, ஞானம், ஆளுமை ஒவ்வொரு புள்ளி கூடும். 2014-ஆம் ஆண்டு விதிநூலில் இந்தக் கழிவு இல்லாததால், அதை நீங்களே எண்களில் காட்ட வேண்டும். இந்த ஆறு பண்புகளுக்கும் பகிர்ந்தளிக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான எண் தொகுப்பில், ஆசானின் ஞானத்திற்கு 15, கம்படிக்கு வேண்டிய வலிமைக்கு 14, உடலுறுதிக்கு 8 என்று வைத்தால், அடிக்கத் தெரிந்தும் நீண்ட சண்டையில் மூச்சு வாங்கும் மனிதர் கிடைக்கிறார்.

அனுபவத்தைத் திறனோடு சேர்த்து எண்ணாதீர்கள். எந்தக் கப்பல் தலைவன் எடையில் ஏமாற்றுவான் என்பதை ஆசான் பகடை உருட்டாமலே அறிந்திருக்கலாம். இத்தகைய மூன்று செய்திகளை ஆட்டத்தை நடத்துபவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று எழுதிக்கொண்டால், முதுமைக்கு மதிப்பும் கிடைக்கும். சண்டையில் இளைய பாத்திரங்களின் இடமும் பறிபோகாது.

பதினேழு வயதுப் பாத்திரத்திற்கு ஒரே திறனில் ஆழமும், அதைக் கற்பித்தவர் யார் என்ற விளக்கமும் போதும். நூறு வயதளவில் பருவமெய்தும், நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனமான எல்ஃப் இனத்தவருக்கு ஆண்டுகளை எண்ணாமல், பருவமெய்திய பின் செய்தவற்றை மட்டும் எண்ணுங்கள். ஆட்டம் ஐந்தாம் நிலையில் தொடங்குமானால், ஆசானின் பத்தாண்டுகளில் இன்னொன்றையும் கம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.