கொழும்பில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்

கொழும்புக்கு வந்த முதல் வருடம், பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் என் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். பொலிஸுக்குப் போனேன். நான் தமிழில் சொன்னதைப் பக்கத்தில் நின்ற ஒருவர் சிங்களத்தில் சொல்ல, உத்தியோகத்தர் பெரிய புத்தகத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். போட்டுக் கொடுத்தேன். அப்புறம் வங்கி அலுவலுக்காக அந்த முறைப்பாட்டின் பிரதியை மொழிபெயர்க்கக் கொடுத்தபோதுதான் தெரிந்தது: பறித்ததாக நான் சொன்ன பை, தவறிப்போனதாகப் பதிவாகியிருந்தது.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாசிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். "கருணாகரலா தெமளென் லியன்ன", அதாவது "தயவுசெய்து தமிழில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால், நடந்ததை நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள்.

இது யாரும் இரங்கித் தரும் சலுகை இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கொழும்பில் நமக்கு நேரே கைகொடுப்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. வடக்கு, கிழக்குக்கு வெளியே அரச பதிவேடுகள் பொதுவாகச் சிங்களத்தில்தான் இருக்கும். ஆனாலும் அங்குள்ள எந்த அரச உத்தியோகத்தரோடும் தமிழிலோ ஆங்கிலத்திலோ அலுவல் பார்க்கவும், நாம் எழுதிய மொழியிலேயே பதில் பெறவும் நமக்கு உரித்து உண்டு. அந்த இடத்தில் சட்டம் பிரஜை என்று சொல்லாமல் 'ஆள்' என்றே சொல்கிறது. ஆகவே ஹட்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவர் மட்டுமல்ல, விசாவில் சென்னையிலிருந்து வந்தவரும் இதைக் கேட்கலாம்.

'எழுதிய மொழியில் பதில்' என்பதைக் கவனியுங்கள். அவசரத்துக்கு யாரையாவது பிடித்துச் சிங்களத்தில் கடிதம் எழுதுவித்தால், பதிலும் சிங்களத்தில்தான் வரும். தமிழில் எழுதுங்கள். ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கருமபீடத்தில் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணங்களும் அப்படித்தான். தமிழிலோ, தமிழ் மொழிபெயர்ப்போடோ தரும்படி முதலில் அலுவலகத்திடமே கேளுங்கள். காசு கொடுத்து மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது பிறகு. நீதிமன்றத்தில் வழக்காளி, எதிராளி எவருக்கும் அங்கு நடக்கும் மொழி விளங்காவிட்டால், உரைபெயர்ப்பை அரசே ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 24ஆம் உறுப்புரை.

மறுத்தால் எங்கே போவது? 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழு இராஜகிரியவில் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். மொழி உரிமை மீறலுக்காக நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கும் (Supreme Court) போகலாம், ஆனால் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குத்தான் அந்தத் திகதி முத்திரையும் தபால் பற்றுச்சீட்டும்.