மேனேஜ்மென்ட் சீட் கொடுக்கும்போது இன்ஜினியரிங் காலேஜ்கள் செய்யக்கூடாத தப்புகள்

தமிழ்நாட்டுல ஒரு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல 100 சீட் இருந்தா 65 சீட் கவர்மென்ட் கவுன்சிலிங்குக்குப் போயிடும், சிறுபான்மை காலேஜ்னா 50. அந்த சீட்டுக்கு யார் வரணும்னு காலேஜ் முடிவு பண்ண முடியாது, கட் ஆஃப், இட ஒதுக்கீடு, மாணவன் போடுற சாய்ஸ், இது மூணும்தான் முடிவு பண்ணும். மிச்சம் 35 இல்லன்னா 50 சீட் மேனேஜ்மென்ட் கையில இருக்கு, அதைத்தான் மேனேஜ்மென்ட் சீட்னு சொல்றோம். நான் ஃபர்ஸ்ட் இயருக்கு மேத்ஸ் எடுக்குறவன். ரெண்டு வழியில வந்த பசங்களும் ஒரே கிளாஸ்லதான் உக்காருவாங்க, அதனால மேனேஜ்மென்ட் சீட்டை எப்படிக் கொடுத்திருக்காங்கன்னு முதல் இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் திருத்தும்போதே தெரிஞ்சிடும். அட்மிஷன் பாக்குறவங்க, பிரின்சிபல், காலேஜை நடத்துற கரஸ்பாண்டண்ட், இவங்களுக்காகத்தான் எழுதுறேன். பெத்தவங்களும் படிங்க, எந்தக் காலேஜ் ஒழுங்கா நடக்குதுன்னு பாக்க உதவும்.

எல்லாத்துக்கும் மூல காரணமான தப்பு, ப்ளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சீட்டை வித்து முடிக்கிறது. ஜனவரி பிப்ரவரிலயே "அட்வான்ஸ் கட்டுங்க, சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) சீட்டை பிளாக் பண்ணி வெக்கிறோம்"னு ஆரம்பிச்சிடுறாங்க, பையன் இன்னும் பிராக்டிகல் எக்ஸாம்கூட எழுதியிருக்க மாட்டான், அவன் கணக்குல எவ்வளவு வாங்குவான்னு அவனுக்கே தெரியாது, ஆனா அவனுக்கு சீட் உறுதி. மே மாசம் ரிசல்ட் வந்து நல்ல மார்க்கோட ஒருத்தர் வந்து கேட்டா சீட் முடிஞ்சுபோச்சுன்னு பதில். அப்போ நாம என்ன அளவுகோல் வெச்சிருக்கோம்? யார் முதல்ல பணம் புரட்டினாங்கங்கிறதுதான் அளவுகோல். அப்ளிகேஷனை எப்ப வேணா வாங்குங்க, ஆனா சீட்டை ரிசல்ட்டுக்கு அப்புறம்தான் கொடுக்கணும், கடைசி தேதி ஒண்ணு வெச்சு, வந்த எல்லாரையும் ஒரே லிஸ்ட்ல வரிசைப்படுத்தி, அந்த லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுலயும் வெப்சைட்லயும் போடணும். 2005ல இனாம்தார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டோட ஏழு நீதிபதிகள் அமர்வு, தனியார் காலேஜ் தன் சீட்டைத் தானே நிரப்பலாம், ஆனா அது நியாயமா, வெளிப்படையா, சுரண்டல் இல்லாம இருக்கணும்னு சொல்லியிருக்கு. லிஸ்ட்டையே வெளிய காட்டாம வெளிப்படைத்தன்மை எங்கிருந்து வரும்?

அடுத்தது மார்க்கைப் பாக்குற விதம். நிறைய இடத்துல 600க்கு எவ்வளவுன்னு பாத்து முடிச்சிடுறாங்க, அதுல தமிழ், இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்து வரும். கொஞ்சம் விவரமானவங்க 200க்கு கட் ஆஃப் போடுறாங்க, அதாவது மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. அதுவும் பத்தாது. ஒரு பொண்ணு மேத்ஸ் 85, பிசிக்ஸ் 70, கெமிஸ்ட்ரி 70 எடுத்திருக்குன்னு வெச்சுக்கோங்க, கட் ஆஃப் 155. இன்னொரு பையன் மேத்ஸ் 60, மத்த ரெண்டுலயும் 95, அவனுக்கும் 155. லிஸ்ட்ல ரெண்டு பேரும் ஒரே இடம், ஆனா அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல முதல் செமஸ்டர்லயே கால்குலஸ் இருக்குற கணக்கு பேப்பர் இருக்கு, அடுத்த செமஸ்டர்லயும் ஒரு கணக்கு பேப்பர், அதுக்கப்புறமும் கணக்கு விடாது. அரியர் எங்க விழப்போகுதுன்னு இப்பவே சொல்லிடலாம். அதனால மேத்ஸுக்குத் தனியா ஒரு குறைந்தபட்ச மார்க் வெச்சுட்டு அதுக்கப்புறம் கட் ஆஃப் பாருங்க.

பதினொண்ணாம் வகுப்பு மார்க்கையும் கேட்டு வாங்குங்க, இதை யாருமே பாக்குறதில்ல. லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன், மேட்ரிக்ஸ், டிடர்மினன்ட் எல்லாத்துக்கும் அடிப்படை நம்ம ஸ்டேட் போர்டுல பதினொண்ணாவதுலதான் வருது. சில ஸ்கூல்ல அந்தப் பாடத்தை அப்படியே தாண்டிட்டு நேரா பன்னிரண்டாவது பாடத்தை ரெண்டு வருஷம் உருப்போட வெச்சாங்க, 2017-18ல பதினொண்ணாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம் (2025-26ல அந்தப் பொதுத்தேர்வை எடுத்துட்டாங்க). பன்னிரண்டாவதுல 90 வாங்கிட்டு பதினொண்ணாவதுல 50 வாங்கின பசங்க எந்த இடத்துல தடுமாறுவாங்கன்னு கிளாஸ் எடுக்குறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

சிபிஎஸ்இ பையனையும் ஸ்டேட் போர்டு பையனையும் மார்க்கை வெச்சு நேரா ஒப்பிடுறதும் தப்பு. கவுன்சிலிங்ல இதுக்கு ஒரு சமன்படுத்தும் முறை இருக்கு, ஒரு போர்டுல டாப் மார்க் 100, இன்னொண்ணுல 90னா, அந்த 90ஐ 100 ஆக்கி, அங்க 60 வாங்கினவருக்கு 66.67 போடுவாங்க. ஆனா இப்ப பெரிய போர்டுகள்ல பெரும்பாலும் 100 எடுக்குற ஆளு இருக்குறதால அந்த முறை பெருசா எதையும் மாத்தாது. என்னைக் கேட்டா, சீட் கொடுத்த எல்லாருக்கும் காலேஜ்லயே ஒரு மணி நேர அடிப்படைக் கணக்கு டெஸ்ட் வெக்கலாம். இதை வடிகட்டுறதுக்கு வெக்கச் சொல்லல. நம்ம மாநிலத்துல நுழைவுத்தேர்வை 2006 சட்டத்துல எடுத்ததே, கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பசங்க அடிபடுறாங்கன்னுதான், அதை பின்வாசல் வழியா காலேஜ் திரும்பக் கொண்டு வரக்கூடாது. யாருக்கு பிரிட்ஜ் கோர்ஸ், அதாவது விட்டுப்போன அடிப்படையைச் சொல்லித்தர்ற கிளாஸ் வேணும், யாருக்கு எந்த சேப்டர்ல ஓட்டை இருக்குன்னு கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா போதும்.

இன்டர்வியூன்னு ஒண்ணு வெப்பாங்க. பெரும்பாலும் அது பையனுக்கு இல்ல, அப்பாவுக்கு. என்ன வேலை, சொந்த வீடா, ஃபீஸ் எப்படிக் கட்டுவீங்கன்னு விசாரிப்பாங்க, பையன்கிட்ட கேக்குறது "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" மட்டும்தான். தமிழ் மீடியம்ல படிச்ச பொண்ணு அந்த ஒரு கேள்விக்கே மிரண்டு போய் உக்காந்திருக்கும், உடனே கம்யூனிகேஷன் வீக்னு குறிச்சு வெச்சிடுவாங்க. அதே பொண்ணுகிட்ட ஒரு கணக்கைக் கொடுத்து தமிழ்ல விளக்கச் சொன்னா அழகா சொல்லும், எப்படியும் நாலு வருஷத்துல இங்கிலீஷ் வந்துடும், நான் பாத்த வரைக்கும் கணக்கு அடிப்படை இருக்குறவங்களுக்கு இங்கிலீஷ் ஒரு தடையா நின்னதே இல்ல. இன்டர்வியூ வெக்கிறதா இருந்தா அந்தந்த டிபார்ட்மென்ட் வாத்தியார் ஒருத்தர் உக்காரட்டும், தமிழ்லயே பேசட்டும்.

இப்ப எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயத்துக்கு வர்றேன், புரோக்கர். கன்சல்டன்சின்னு பேர் போட்டுக்கிறாங்க, ஒரு தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன், சில ஊர்ல ஸ்கூல் வாத்தியாரே இதைப் பண்றாங்க. இவங்க பிடிச்சுட்டு வர்ற பசங்கள்ல பாதிப் பேருக்கு மேனேஜ்மென்ட் சீட்டே தேவையில்ல, கவுன்சிலிங்லயே அதே காலேஜ், அதே பிரான்ச் கிடைச்சிருக்கும். வீட்டுல முதல் தலைமுறையா படிக்க வர்ற பையனுக்கு 2010ல இருந்து முதல் பட்டதாரி ஃபீஸ் சலுகை இருக்கு, ஆனா அது கவுன்சிலிங் வழியா வந்தாத்தான். ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு 2021ல இருந்து 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அதுல சேந்தா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டும், அதுவும் கவுன்சிலிங்லதான். இது எதுவும் தெரியாத ஒரு விவசாயக் குடும்பம், புரோக்கர் பேச்சைக் கேட்டு நகையை அடகு வெச்சு மேனேஜ்மென்ட் சீட்ல சேர்க்குது. அந்த அப்ளிகேஷன் உங்க டேபிளுக்கு வரும்போது முதல் பட்டதாரியா, எந்த ஸ்கூல், கவுன்சிலிங்குக்கு ரெஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களான்னு மூணு கேள்வி கேளுங்க, சலுகைக்குத் தகுதி இருந்தா கவுன்சிலிங் போயி நம்ம காலேஜையே முதல் சாய்ஸா போடுங்கன்னு சொல்லி அனுப்புங்க. புரோக்கருக்குக் கொடுக்குற கமிஷனும் கடைசில யாரோ ஒரு பையன் கட்டுற ஃபீஸ்ல இருந்துதான் போகுது. டொனேஷன் பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல, 1992ல இருந்தே தமிழ்நாட்டுல அதைத் தடுக்கச் சட்டம் இருக்கு, ரசீது போட முடியாத பணத்தை வாங்காதீங்க.

"சார், எங்களுக்கு சீட்டே நிரம்பல, இதுல எங்க செலக்ஷன் பண்றது"ன்னு சின்ன காலேஜ்காரங்க கேப்பாங்க, கஷ்டம் எனக்கும் தெரியும். அதுக்காக 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 40 சதவீதம்ங்கிற தகுதி மார்க்கை ஒட்டி நிக்கிற எல்லாரையும் எந்த ஏற்பாடும் இல்லாம அள்ளிப் போட்டா, அது ரிசல்ட்ல வந்து நிக்கும். அண்ணா பல்கலைக்கழகம் காலேஜ் வாரியா பாஸ் சதவீதத்தை வெளியிடுது, சாய்ஸ் போடுற பசங்க இப்ப அதைத்தான் முதல்ல பாக்குறாங்க, அடுத்த வருஷம் கவுன்சிலிங் சீட்டும் காலியாகும். மார்க் குறைஞ்ச பசங்களை எடுங்க, தாராளமா எடுங்க, ஆனா எத்தனை பேருக்குத் தனியா கிளாஸ் எடுக்க உங்ககிட்ட வாத்தியார் இருக்காங்கன்னு எண்ணிட்டு எடுங்க.

பிரான்ச் விஷயத்துலயும் இதே கதைதான். 2024-25ல ஏஐசிடிஇ (இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு அங்கீகாரம் கொடுக்குற மத்திய அமைப்பு) நல்லா நடக்குற காலேஜ்களுக்கு, ஒரு பிரான்ச்ல எத்தனை பேரைச் சேர்க்கலாம்ங்கிற இன்டேக் உச்சவரம்பை எடுத்தப்புறம் சிஎஸ்இ செக்ஷன் பெருகிட்டே போகுது. மோட்டாரைப் பிரிச்சுப் போட்டு விளையாடுற பையனைக்கூட ஏஐடிஎஸ் (ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்) எடு, வேலை கியாரண்டின்னு தள்ளிவிடுறாங்க. கவுன்சிலிங்ல அவன் சாய்ஸை அவனே போடுறான், மேனேஜ்மென்ட் சீட்லயும் ரெண்டு மூணு பிரான்ச்சை அவன் கைப்பட வரிசையா எழுதி வாங்குங்க, அப்பா எழுதினது வேண்டாம். டிப்ளமா முடிச்சு நேரா ரெண்டாவது வருஷம் வர்ற லேட்டரல் என்ட்ரி பசங்களுக்கும் இது பொருந்தும், அவங்களுக்கு கால்குலஸ் இன்னும் பலவீனமா இருக்கும், சேர்க்கும்போதே பிரிட்ஜ் கிளாஸ் தேதியைச் சொல்லிடுங்க.

கடைசியா ஒரிஜினல் சர்டிபிகேட். சேர்ந்த அன்னைக்கே மார்க் ஷீட், டிசி, கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி பீரோல பூட்டிட்டு, வேற காலேஜ் கிடைச்சிருக்குன்னு பையன் வந்து கேட்டா நாலு வருஷ ஃபீஸைக் கட்டுன்னு மிரட்டுறது இன்னும் நடக்குது. சரிபார்த்துட்டு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்கணும், கிளாஸ் தொடங்குறதுக்கு முன்னாடி விலகினா 1000 ரூபாய்க்கு மேல பிடிக்கக்கூடாதுன்னு ஏஐசிடிஇ விதியே இருக்கு. கவுன்சிலிங் அலாட்மென்ட் வந்தா சில நாளைக்குள்ள டிசியோட அந்தக் காலேஜ்ல போய் நிக்கணும், இல்லன்னா அந்த சீட் போயிடும், அதனால அட்மின்ல இருக்குறவங்க நாளைக்கு வா, கரஸ்பாண்டண்ட் ஊர்ல இல்லன்னு இழுக்காம, கேட்டு வந்த அன்னைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்புங்க.