எஃப்3ஈ, ஜே3ஈ, ஏ1ஏ: வானொலி அலையின் குறியீட்டை வாசிப்பது எப்படி?

படகில் பூட்டும் விஎச்எஃப் ரேடியோவின் கையேட்டில் ‘16கே0எஃப்3ஈ’ (16K0F3E) என்றோ ‘16கே0ஜி3ஈ’ (16K0G3E) என்றோ ஒரு வரி இருக்கும். மொடல் நம்பர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். உண்மையில் அது அந்தக் கருவி அனுப்பும் அலையின் அகலமும் வகையும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இந்த முறை 1982 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

படி 1: அகலத்தைப் பிரித்தெடுங்கள்

முதல் நான்கு இடங்களும் பட்டை அகலம், அதாவது அலை பிடித்துக்கொள்ளும் இடம். அதில் வரும் எழுத்து தசமப் புள்ளியின் இடத்தில் நிற்கும். அலகையும் அதுவே சொல்லும். எச் என்றால் ஹேர்ட்ஸ், கே கிலோஹேர்ட்ஸ், எம் மெகாஹேர்ட்ஸ். 16கே0 என்பது 16.0 கிலோஹேர்ட்ஸ், 2கே70 என்பது 2.70. முழு எண்ணானால் எழுத்து கடைசிக்குப் போகும்: 304எச், 180கே.

எஃப்எம் அலையின் அகலத்தை நீங்களே கணக்கிடலாம். மீடிறன் விலகலையும் (நடுவிலிருந்து மீடிறன் நகரும் உச்ச அளவு) ஒலியின் மிக உயர்ந்த மீடிறனையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். கடல் ரேடியோவுக்கு விலகல் 5, ஒலி 3 கிலோஹேர்ட்ஸ்: 5 + 3 = 8, இருமடங்கு 16. எஃப்எம் ஒலிபரப்புக்கு (மோனோ) 75 + 15 = 90, இருமடங்கு 180.

படி 2: மூன்று கேள்விகள்

அடுத்த மூன்று இடங்கள்தான் வகை. ஒவ்வொன்றும் தனிக் கேள்விக்குப் பதில். ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிக்கக் கூடாது.

காவி அலையில், அதாவது செய்தியைச் சுமந்து செல்லும் அலையில், எது மாறுகிறது? ஏ என்றால் வீச்சம், இரு பக்கப்பட்டைகளுடன் (காவி அலைக்கு இருபுறமும் செய்தி விழும் பகுதிகள்). ஜே என்றால் ஒற்றைப் பக்கப்பட்டை, காவி அலை அடக்கப்பட்டது. எஃப் மீடிறன், ஜி அவத்தை (ஃபேஸ்). எஃப்3ஈ, ஜி3ஈ இரண்டையும் காதால் பிரிக்க முடியாது. அனுப்பும் சுற்றில்தான் வேறுபாடு. அதில் தலையை உடைக்க வேண்டாம்.

மாற்றுகிற சமிக்ஞை எது? 1 என்றால் துணைக்காவி (செய்தியை முதலில் ஏற்றும் இடைத் தொனி) இல்லாத டிஜிட்டல், 2 துணைக்காவியுடன் டிஜிட்டல், 3 அனலொக். 7, 8, 9 பல சனல்கள் சேர்ந்தவை.

உள்ளே போவது என்ன? ஏ காதால் கேட்கும் மோர்ஸ், பி இயந்திரம் வாசிக்கும் தந்தி, டி தரவு, ஈ பேச்சு அல்லது ஒலிபரப்பு, எஃப் வீடியோ.

தொடங்குபவர்கள் தடுமாறுவது 1க்கும் 2க்கும் இடையில். கப்பல்களுக்கு வானிலை, எச்சரிக்கைச் செய்திகளை 518 கிலோஹேர்ட்ஸில் தரும் நவ்டெக்ஸில் காவி அலையே 170 ஹேர்ட்ஸ் இடைவெளியில் இரு மீடிறன்களுக்கு மாறி மாறித் தாவும். ஆகவே எஃப்1பி. விஎச்எஃப் 70ஆம் சனலின் டிஜிட்டல் அழைப்பிலோ 1300, 2100 ஹேர்ட்ஸ் தொனிகளை முதலில் உண்டாக்கி, பிறகு அவற்றைக் காவி அலையில் ஏற்றுகிறார்கள். அது ஜி2பி.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே இரு தொனிகளை ஒற்றைப் பக்கப்பட்டை ரேடியோவின் ஒலி உள்ளீட்டில் கொடுத்தால், காவி அலை அடங்கிப்போவதால், வெளியே வருவது இரு மீடிறன்களுக்கிடையே தாவும் அலைதான். அனுப்பிய முறையைப் பார்த்தால் ஜே2பி; காற்றில் இருப்பதைப் பார்த்தால் எஃப்1பி. கப்பல் ரேடியோ விதிகளிலேயே ‘எஃப்1பி அல்லது ஜே2பி’ என்று சேர்த்து எழுதுவது இதனால்தான்.

படி 3: கண்ணால் பாருங்கள்

தேவையானவை: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ வாங்கி), மடிக்கணினி, நீர்வீழ்ச்சி போல அலைகளைக் காட்டும் மென்பொருள், ஏறத்தாழ 45 செ.மீ. செப்புக் கம்பி (156.8 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளம்). கம்பியை மொட்டைமாடியில் நிமிர்த்தி வையுங்கள். 9 மீற்றர் உயரத்தில் உங்கள் கம்பியும் 25 மீற்றர் உயரத்தில் கப்பலின் அன்டெனாவும் இருந்தால் சுமார் 33 கி.மீ. வரை கேட்கும். திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் கடல் பக்கம் திறந்த மாடி போதும். நடுவில் ஒரு குன்று நின்றால் இந்தக் கணக்கு உதவாது.

16ஆம் சனலை, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸை, குறும்பட்டை எஃப்எம்மில் வையுங்கள். யாராவது பொத்தானை அழுத்தியதும் இரைச்சல் அடங்கி ஒரு கோடு விழும். பேசினால் அந்தக் கோடு விரியும். அது எஃப்3ஈ அல்லது ஜி3ஈ.

அடுத்தது 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான விமானப் பட்டை. சீனக்குடாப் பக்கம் விமானம் வரும் நேரம் பாருங்கள். நடுவில் அசையாத கோடு, இருபுறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்: ஏ3ஈ. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஏஎம்மில் விசில் கலந்து இருவருமே கேட்பார்கள். எஃப்எம்மில் வலிய அலை மெலியதை விழுங்கிவிடும். விமானத்துறை ஏஎம்மைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிற்றலைக்கு 10 மீற்றர் கம்பியும், 24 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கக்கூடிய டொங்கிளும் வேண்டும். நடுக்கோடே இல்லாமல், பேசும்போது மட்டும் 2.7 கிலோஹேர்ட்ஸ் அளவுக்கு ஒரு பட்டை தெரிந்தால் ஜே3ஈ. விட்டு விட்டு விழும் ஒற்றைக் கோடு ஏ1ஏ. ஒட்டி ஓடும் இரு கோடுகள் எஃப்1பி.

எங்கே பிழைக்கும்?

ஜே3ஈயை ஏஎம்மில் கேட்டால் வாத்துக் கத்துவது போலிருக்கும். கடலிலும் விமானத்திலும் மேல் பக்கப்பட்டைதான். அமெச்சூர்கள் 10 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே பொதுவாகக் கீழ்ப் பட்டையில் பேசுவார்கள்.

கப்பல்கள் பேசும் 2182 கிலோஹேர்ட்ஸில் வைத்தால் பேச்சு 2182க்கு மேலேதான் விழும், இருபுறமும் அல்ல. மீடிறன் பட்டியலில் 1.4 கிலோஹேர்ட்ஸ் கூடுதலாகக் கண்டால் அது பட்டையின் நடுப்புள்ளி.

ஒரே நிலையம் பல இடங்களில் தெரிகிறதா? மிக வலிய அலையால் டொங்கிள் திணறிப் போலிகளைக் காட்டுகிறது. திருகோணமலையில், முன்பு டொய்ச்சே வெல்லே நடத்தி இப்போது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் உள்ள சிற்றலை நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இது சகஜம். கெயினை (டொங்கிள் அலையைப் பெருக்கும் அளவை) 10 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். உண்மை அலை அதே அளவு குறையும். போலி அதைவிட அதிகமாகக் குறையும், பல நேரம் மறைந்தே போகும்.

கேட்பதோடு நிறுத்துங்கள். உரிமம் இல்லாமல் அனுப்புவது குற்றம். கருவி வாங்குமுன் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் இருப்பது கடற்படைத் துறைமுக ஊர்.

பழைய கையேடுகளில் 1982க்கு முந்திய குறிகள் இருக்கும்: ஏ3ஜே என்றால் இன்றைய ஜே3ஈ, ஏ3எச் என்றால் எச்3ஈ (காவி அலை முழுதாக உள்ள ஒற்றைப் பக்கப்பட்டை), வெறும் எஃப்3 என்றால் எஃப்3ஈ.