செயின் செட் மாற்ற மெக்கானிக் எதற்கு? வீட்டு வாசலே போதும்

கடலூரில் தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இந்த உப்புக்காற்றுக்கு மழை மாதத்தில் பைக் செயினை இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் துரு ஏறிவிடும். என் வண்டியிலும் அதுதான் நடந்தது. அப்போது காசு மிச்சம் என்று செயினை மட்டும் மாற்றினேன். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராமல் சீக்கிரமே அதுவும் போய்விட்டது. அதனால் முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள்.

மாற்ற வேண்டுமா என்று தெரிய, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லாவது வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தாலும் அப்படித்தான்.

நான் சொல்வது கிளிப் போட்ட செயின் லாக் (செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் கண்ணி) உள்ள சாதாரண வண்டிகளுக்கு. ரிவெட் அடித்த செயின் என்றால் தனிக் கருவி வேண்டும், அதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். புது செட்டின் பல் எண்ணிக்கையும் கண்ணி எண்ணிக்கையும் பழசோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே எண்ணிவிடுங்கள்.

பலர் சொதப்புவது கழற்றும் வரிசையில்தான். ஆர்வத்தில் செயினை முதலில் எடுத்துவிட்டால், இறுகிப்போன முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் திருப்பும்போது ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே சுற்றும். அதனால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செயின் கவரையும் முன் ஸ்ப்ராக்கெட் மூடியையும் கழற்றுங்கள் (கியர் லீவரை எடுக்க வேண்டியிருந்தால் அது இருந்த நிலையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பிறகு கேள்வியே வராது). பழைய செயின் மாட்டியிருக்கும்போதே, வண்டியைக் கியரில் போட்டு, ஒருவரைப் பின் பிரேக்கை அழுத்தச் சொல்லி, முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளை இளக்கிவிடுங்கள். பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகளும் அப்படியே; அவை சுழலாமல் பிடிக்க மடக்கிய தகடு இருந்தால் முதலில் அதை நிமிர்த்த வேண்டும்.

அப்புறம் ஆக்ஸில் (சக்கரத்தின் நடு அச்சு) நட்டை இளக்கி, மூக்குக் கொறட்டால் லாக் கிளிப்பைத் தள்ளிச் செயினை எடுத்துவிட்டு, பிரேக் ராடு (பெடலையும் பிரேக்கையும் இணைக்கும் கம்பி), டார்க் ஆர்ம் (பிரேக் தகடு சுற்றாமல் பிடிக்கும் கம்பி) இரண்டையும் கழற்றிச் சக்கரத்தை இறக்குங்கள். ஆக்ஸிலில் இருக்கும் புஷ் (சிறு உலோகக் குழாய்) எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஸ்ப்ராக்கெட் இருக்கும் இடத்தில் கிரீஸும் மண்ணும் களிமண் மாதிரி அப்பியிருக்கும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ரப்பர் நைந்திருந்தால் இதுதான் மாற்றச் சமயம்.

புது ஸ்ப்ராக்கெட்டுகளைப் போட்டுச் சக்கரத்தை மாட்டி, ஆக்ஸிலைக் கைவிசையில் மட்டும் இறுக்கி, சக்கரத்தை முன்னால் தள்ளி வையுங்கள். செயினின் இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட் பல்லின் மேல் உட்காரவைத்து லாக் போடுவது சுலபம். இதில் ஒன்றை மறக்கவே கூடாது: கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், அதாவது மேல் பக்கச் செயினில் வண்டியின் முன்பக்கம். திருப்பிப் போட்டால் ஓட்டத்தில் கிளிப் கழன்றுவிடலாம்.

செயினின் தொய்வு எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும், பல சிறிய வண்டிகளுக்கு கீழ்ச் செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆடலாம். கையால் சக்கரத்தைச் சுற்றி, அதிகம் இறுகும் இடத்தில் அளந்து பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சுற்றினால் விரல் போய்விடும். இரண்டு பக்க அட்ஜஸ்டர் (சக்கரத்தை நகர்த்தித் தொய்வைச் சரிசெய்யும் திருகு) கோடும் ஒரே எண்ணில் நிற்கட்டும். ஆக்ஸில் நட்டை முழுதாக இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள், மாறியிருக்கும். கடைசியாகப் பிரேக்கைப் பிடித்தபடி ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகள், டார்க் ஆர்ம் நட், பிரேக் பெடல் ஆட்டம், பிரேக் லைட் எல்லாவற்றையும் சரிபாருங்கள். டார்க் ஆர்மை மறந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆபத்து.

புதுச் செயின் கொஞ்சம் நீளும். கடலூரிலிருந்து புதுச்சேரி போய் வந்தாலே ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அப்படிப் பத்துத் தடவை ஓடியதும் தொய்வை இன்னொரு முறை பாருங்கள்.