பாலிகார்பனேட் வாங்கி மோல்டிங் ஓட்டப் போறீங்களா, இதப் பாத்துட்டு ஆரம்பிங்க

பெங்களூர்ல பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் ஏபிஎஸ், பிபின்னு வேற பிளாஸ்டிக் ஓட்டிட்டு இருந்த சின்ன யூனிட்டெல்லாம் எல்இடி கவர், மீட்டர் பாக்ஸ், சார்ஜர் பாடின்னு ஆர்டர் வந்ததும் பி.சி (பாலிகார்பனேட்) பக்கம் திரும்பறாங்க. கொஞ்ச நாள்ல ஒரே கம்ப்ளைன்ட்தான்: "பீஸ் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, ஆனா கஸ்டமர் ஸ்குரூ போட்டதும் விரியுது". இந்த ஒரு விஷயம் புரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது. பி.சியோட பலம் அதோட நீளமான மூலக்கூறு சங்கிலியில இருக்கு, ஈரத்தோட உருக்கினாலும் ஓவரா சூடு பண்ணாலும் அந்த சங்கிலி துண்டு துண்டா போயிடும், ஆனா பீஸ் பாக்க அப்படியே தெளிவா இருக்கும். அதனால வாங்கும்போதும் சரி ஓட்டும்போதும் சரி, கண்ண மட்டும் நம்பி பி.சிய எடை போடாதீங்க.

மொதல்ல வாங்கற கதை. நம்ம ஊர்ல கிடைக்கற வெர்ஜின் (ரீசைக்கிள் பண்ணாத புது) பி.சி கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி, அதனால டாலர் ஏறினா விலையும் ஏறும், கப்பல் லேட்டானா சரக்கும் லேட். பெங்களூர் டீலர்ங்க பாதி பேர் பிவண்டி குடோன்லேர்ந்தோ சென்னை போர்ட்லேர்ந்தோதான் எடுக்கறாங்க, அதனால "இந்த வாரம் ஸ்டாக் இல்ல சார், அடுத்த வாரம்"னு கேட்டா ஆச்சரியப்படாதீங்க. பெரிய ஆர்டர்ல டேட் கமிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு மாசத்து சரக்காவது கைல இருக்கணும். பில்லுல ஹெச்எஸ்என் (சரக்கு வகைக்கான கோடு) 3907 40ன்னு இருக்கணும், ஜிஎஸ்டி 18 சதவீதம். ரேட் கேக்கும்போதே ஜிஎஸ்டி சேத்தா சேக்காமயா, லாரி வாடகை யாரோடதுன்னு கேட்டுக்கங்க, இல்லன்னா கிலோவுக்கு கம்மியா சொன்னவரு கடைசில காஸ்ட்லியா போயிடுவாரு.

பிராண்டுன்னு பாத்தா மேக்ரோலான், லெக்சான், பான்லைட், வொண்டர்லைட், இன்ஃபினோ இதெல்லாம் மார்க்கெட்ல ஓடுது. பழைய ஆளுங்க இன்னும் ஜிஇ லெக்சான்னுதான் சொல்லுவாங்க, ஆனா 2007லயே அது சாபிக் கைக்குப் போயிடுச்சு, மேக்ரோலான் பேயர்லேர்ந்து பிரிஞ்சு 2015லேர்ந்து கோவெஸ்ட்ரோ. பிராண்ட விட முக்கியம் கிரேடு நம்பர். மேக்ரோலான் 2405, 2805 ரெண்டையும் எடுத்துக்கங்க: முன்னாடி ரெண்டு எண் பெருசாக ஆக மெட்டீரியல் கெட்டியா ஓடும், பலம் கூட, கடைசி 05ன்னா டையிலேர்ந்து (அச்சுலேர்ந்து) ஈசியா கழண்டு வர்ற ரகம், 07ன்னா அதோட யூவி ஸ்டெபிலைசரும் சேந்தது. லெக்சான்ல 141ஆர் பொது உபயோகம், 143ஆர் யூவி, 940 சீக்கிரம் தீ பிடிக்காத ரகம். வெளிய வெயில்ல நிக்கற லைட் கவருக்கு யூவி இல்லாத கிரேடு போட்டீங்கன்னா மஞ்சளாகி திரும்பி வரும், அப்ப கிலோவுக்கு மிச்சம் பிடிச்ச காசு எங்க போச்சுன்னு தெரியாது.

எம்எஃப்ஐன்னு ஒரு நம்பர் சொல்லுவாங்க, 300 டிகிரில 1.2 கிலோ வெயிட் போட்டு பத்து நிமிஷத்துல எத்தன கிராம் வழியுதுன்னு அளக்கறது. 6, 10ன்னு கம்மியா இருந்தா பலம் ஜாஸ்தி, ஆனா மெல்லிய பீஸ்ல நிரம்ப அடம் பிடிக்கும். 20 பக்கம் போனா லைட் கவர், சின்ன ஹவுசிங்குக்கு சரி. ஈசியா ஓடுதேன்னு மேல மேல போகாதீங்க, எவ்வளவு ஈசியா ஓடுதோ அவ்வளவு சங்கிலி குட்டைன்னு அர்த்தம். எலக்ட்ரிக்கல் பீஸ்னா கஸ்டமர் வி-0 கேக்கறாரா வி-2 போதுமான்னு (தீ எப்படி அணையுதுங்கற ரேட்டிங், வி-0தான் கறார்) டிராயிங்லயே பாருங்க. எந்த திக்னஸ்ல வி-0ன்னும் பாக்கணும், 3 மில்லில வி-0 வாங்கின கிரேடு 1.5 மில்லில வாங்கியிருக்கணும்னு இல்ல. யூஎல் எல்லோ கார்ட (அந்த ரேட்டிங்குக்கான அத்தாட்சி) டீலர்கிட்ட கேட்டா "அதெல்லாம் வரும் சார்"னு இழுப்பாரு, வந்தப்புறம் அட்வான்ஸ் குடுங்க. குழந்தை பால் பாட்டில் ஆர்டர் யாராவது பி.சில கேட்டா எடுக்கவே வேணாம், பிஸ்பினால்-ஏங்கற கெமிக்கல் விவகாரத்தால பிஐஎஸ் 2015லயே அத நிறுத்திடுச்சு.

இப்ப உண்மையான தலைவலி, ரீப்ரோசெஸ் சரக்கு, அதாவது பழைய பிளாஸ்டிக்க அரைச்சு திரும்ப எடுத்தது. "சார் சேம் குவாலிட்டி, வெர்ஜின் மாதிரியே வரும், கிலோவுக்கு நல்லா கம்மி"ன்னு டீலர் ஒரு சாம்பிள் பாக்கெட்ட கைல வெப்பாரு. அந்த தானா (பிளாஸ்டிக் மணி) எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்க. 20 லிட்டர் தண்ணி கேனை அரைச்சா லேசா நீலம் அடிக்கும், ப்ளோ மோல்டிங் ரகம்கறதால ரொம்ப கெட்டியா ஓடும். பழைய சிடி அரைச்சது தண்ணி மாதிரி ஓடும், பலம் கிடையாது, மேல இருந்த பூச்சும் கலந்திருக்கும். கார் ஹெட்லைட் அரைச்சதுல கோட்டிங் துகள் வரும். இதுல ஒரு குசும்பு இருக்கு, கேனையும் சிடியையும் கலந்து கம்பவுண்ட் பண்ணா எம்எஃப்ஐ நடுவுல நல்ல நம்பரா வந்து நிக்கும், பேப்பர்ல பாத்தா அசல் கிரேடு மாதிரியே இருக்கும். பேனா ஸ்டாண்டு மாதிரி அடி வாங்காத பீஸுக்கு இது ஓகே, நானே வேணாம்னு சொல்ல மாட்டேன். ஸ்குரூ போடற பீஸ், கீழ விழற பீஸ், கரண்ட் சம்பந்தப்பட்ட பீஸ், இதுக்கெல்லாம் தொடவே தொடாதீங்க.

வெர்ஜின்னு சொல்லி வந்த 25 கிலோ பேகுல பாக்க வேண்டியது: லாட் நம்பர் அச்சடிச்சிருக்கணும், அதே லாட்டுக்கு சிஓஏ (கம்பெனி டெஸ்ட் ரிப்போர்ட்) வேணும், பேக் வாய் கம்பெனி சீலா இல்ல கைல தைச்ச நூலான்னு பாருங்க. சந்தேகமா இருந்தா ஒரு லிட்டர் தண்ணில 200 கிராம் உப்பு கரைச்சு பத்து தானா போடுங்க, பி.சி மாதிரியே தெளிவா இருக்கற ஜிபிபிஎஸ், சான் பிளாஸ்டிக் எல்லாம் மிதக்கும், பி.சி மூழ்கும். அக்ரிலிக்கும் மூழ்கும்தான், அத நெருப்புல காட்டுங்க: அக்ரிலிக் விடாம எரியும் பழ வாசனை வரும், பி.சி கரும்புகை விட்டு நெருப்ப எடுத்ததும் தானா அணையும். இது வேற பிளாஸ்டிக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், வெர்ஜினா பழசான்னு சொல்லாது. அதுக்கு எம்எஃப்ஐ டெஸ்ட்தான் வழி, நம்மகிட்ட மெஷின் இல்லன்னா மைசூர் சிப்பெட்டுக்கோ (அரசு பிளாஸ்டிக் நிறுவனம்) ஏதாவது என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கற லேபுக்கோ அனுப்பலாம்.

அடுத்தது டிரையிங். மத்ததெல்லாம் அரைகுறையா பண்ணாலும் சமாளிக்கலாம், இத அரைகுறையா பண்ணா பி.சி ஓட்டவே வேணாம். பேக்லேர்ந்து எடுக்கற தானால ஈரம் 0.1, 0.15 சதவீதம் வரைக்கும் இருக்கும், ஓட்டறதுக்கு 0.02க்கு கீழ வரணும். 120 டிகிரி, மூணுலேர்ந்து நாலு மணி நேரம். இது எல்லாருக்கும் மனப்பாடம், ஆனா கோட்டை விடறது எங்கன்னா ஹாப்பர் (தானா கொட்டற தொட்டி) சைஸ்ல. மெஷின் மணிக்கு 15 கிலோ சாப்பிடுது, மேல நிக்கறது 25 கிலோ ஹாப்பர் டிரையர்னா ஒவ்வொரு தானாவும் உள்ள இருக்கறது ரெண்டு மணி நேரம்கூட இல்ல. காலைல மொத லோடு நாலு மணி நேரம் காயும், சூப்பரா வரும், மத்தியானத்துக்கு மேல சில்வர் (பீஸ் மேல வெள்ளிக் கோடு) அடிக்க ஆரம்பிக்கும், "காலைல நல்லாதாண்ணா வந்துச்சு, மெட்டீரியல்தான் மாறிடுச்சு"ன்னு ஆபரேட்டர் சொல்லுவான். மெட்டீரியல் மாறல, கணக்குதான் இடிக்குது. மணிக்கு எத்தன கிலோவோ அத நாலால பெருக்கி வர்ற அளவுக்கு ஹாப்பர் வேணும், 15 கிலோன்னா 60.

சாதா ஹாட் ஏர் டிரையர் வெளிக்காத்த இழுத்து சூடு பண்ணி அனுப்பறது, அவ்வளவுதான். மார்ச் ஏப்ரல்ல ஓடிடும். மழைக்காலத்துல, அதுவும் நைட் ஷிப்ட்ல, காத்துலயே தண்ணி இருக்கும்போது 120 வெச்சாலும் ஈரம் ஒரு அளவுக்கு மேல இறங்காது. டிஹியூமிடிஃபையிங் டிரையர் (காத்துல இருக்கற ஈரத்தயே எடுத்துட்டு அனுப்பறது), மைனஸ் 30 டியூ பாயின்ட் குடுக்கறது, காசுதான், ஆனா தொடர்ந்து பி.சி ஓட்டறவங்க ஒண்ணு போட்டுடறது நல்லது. காஞ்ச தானாவ டிரம்ல கொட்டி மூடாம வெச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டா திரும்ப ஈரம் குடிக்க ஆரம்பிச்சிருக்கும், அரை மணி நேரத்துக்கு மேல அப்படி விட்டா திரும்பக் காயப்போட வேண்டியதுதான். மெஷின் மேலேயே டிரையர் இருக்கறது எவ்வளவோ மேல்.

காஞ்சுதா இல்லையான்னு பாக்க பெரிய மீட்டர் எதுவும் வேணாம். ஒரு ஹாட் பிளேட்ட 270 டிகிரிக்கு வைங்க, லேப்ல யூஸ் பண்ற கண்ணாடி ஸ்லைடு ரெண்ட அது மேல ஒரு ரெண்டு நிமிஷம் சூடாக விடுங்க, ஹாப்பர் அடிலேர்ந்து நாலு தானா எடுத்து ஒரு ஸ்லைடு மேல தள்ளித் தள்ளி வெச்சு இன்னொண்ண மேல வெச்சு மரக்கட்டையால அழுத்துங்க, ஒவ்வொரு தானாவும் ஒரு ரூபா காசுல பாதி அகலத்துக்கு பரவும். எடுத்து ஆறவிட்டு லைட்டுக்கு நேரா புடிச்சா, காஞ்ச தானா சுத்தமா இருக்கும், ஈரம் இருந்தா உள்ள பொடிப்பொடியா குமிழ் தெரியும். ஒண்ணு ரெண்டு குமிழ்னா மாட்டிக்கிட்ட காத்து, விட்டுடலாம். டிவிஐ டெஸ்ட்னு பேரு, கண்ணாடி ஸ்லைடு சயின்ஸ் சாமான் விக்கற கடைல கிடைக்கும். ஷிப்ட் ஆரம்பத்துல ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ.

ஒண்ணு மறந்துடாதீங்க, ஈரத்தோட உருகி சில்வர் அடிச்ச பீஸ அரைச்சு திரும்பக் காய வெச்சா சில்வர் போயிடும், பலம் வராது. வெட்டுப்பட்ட சங்கிலி ஒட்டாது. அந்த அரைச்சத தனியா வைங்க, நல்ல ரன்னரோட (பீஸ்லேர்ந்து வெட்டி எடுக்கற மீதித் தண்டு) கலக்காதீங்க.

மெஷின் செட்டிங்: பேரல் 280லேர்ந்து 310 வரைக்கும், டை 80லேர்ந்து 100. சைக்கிள் டைம் குறைக்கறேன்னு சில்லர் தண்ணிய டைக்கு விடறவங்க இருக்காங்க, பீஸ் வேகமா வரும், உள்ள ஸ்ட்ரெஸ்ஸோட வரும், கஸ்டமர்கிட்ட போய் ரெண்டு வாரம் கழிச்சு ஸ்குரூ ஓட்டைய சுத்தி விரியும். டை டெம்பரேச்சர் கன்ட்ரோலர் இல்லாம பி.சி எடுக்காதீங்க. ஷாட் வெயிட் (ஒரு தடவ டைக்குள்ள போற மெட்டீரியல்) பேரல் கொள்ளளவுல 40லேர்ந்து 70 சதவீதம் இருக்கணும், பெரிய மெஷின் காலியா இருக்குன்னு 20 கிராம் பீஸ அதுல போட்டா மெட்டீரியல் உள்ளயே கெடந்து வெந்து மஞ்சளாகும். கிளாம்பிங், அதாவது டைய மூடிப் பிடிக்கற அழுத்தம், பீஸோட பரப்புல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை டன்லேர்ந்து முக்கால் டன்னுக்கு கொஞ்சம் மேல வரைக்கும். டிசைன் உங்க கைல இருந்தா உள்மூலை எல்லாத்துக்கும் ரேடியஸ் குடுக்கச் சொல்லுங்க, கூர் மூலைல பி.சி பட்டுன்னு போகும்.

பேரல்ல முன்னாடி பிவிசி, அசிட்டால், நைலான் ஓடியிருந்தா நல்லா பர்ஜ் பண்ணிட்டுதான் (பழச தள்ளி சுத்தம் பண்ணிட்டுதான்) பி.சி போடணும், முக்கியமா அசிட்டால், பி.சி சூட்டுல அது கேஸா பிரிஞ்சு கண்ண எரிக்கும், நாசில் முன்னாடி ஆள் நிக்க விடாதீங்க. ஓட்டத்த கொஞ்ச நேரம் நிறுத்தறீங்கன்னா பேரல 170 பக்கம் இறக்கி வைங்க, மொத்தமா நிறுத்தறதுன்னா ஹெச்டிபிஇ போட்டு சுத்தமா தள்ளிட்டு நிறுத்துங்க. பி.சி இரும்போட ஒட்டிக்கிட்டு ஆறும்போது சுருங்கி, ஸ்குரூ பேரல் மேல்தோலையே பிச்சு எடுக்கும். கரண்ட் போகற ஏரியான்னா ஜெனரேட்டர் லைன்ல ஹீட்டரையும் சேத்துக்கங்க.

பீஸ் சரியான்னு பாக்கறதுக்கு, சுத்தியலால ஓங்கி ஒண்ணு போடுங்க. நல்ல பி.சி நசுங்கும், வளையும், சில்லு சில்லா ஒடஞ்சா உள்ள சங்கிலி போச்சு. பெரிய ஆர்டர்னா பீஸ வெட்டி எம்எஃப்ஐ எடுத்து தானாவோட நம்பரோட ஒப்பிடுங்க, 10 இருந்தது 13, 14ன்னு ஆயிருந்தா டிரையிங்லயோ சூட்டுலயோ கை வைக்கணும். உள்ள ஸ்ட்ரெஸ் இருக்கான்னு தெரிய டோலுவீன் ஒரு பங்கு, புரொப்பனால் மூணு பங்கு கலந்து பீஸ முக்கி எடுத்து விரிசல் வருதான்னு பாப்பாங்க. காத்தோட்டமான இடத்துல, கிளவுஸ் போட்டு, பக்கத்துல யாரும் பீடி பத்த வெக்காம. ஸ்ட்ரெஸ் இருந்து வேற வழியில்லன்னா 120 டிகிரி ஓவன்ல வெச்சு மெதுவா ஆறவிடலாம், அது தற்காலிகம், டைய சூடாக்கறதுதான் வைத்தியம்.

பீஸ் நல்லா வந்தப்புறமும் அசெம்ப்ளி டேபிள்ல கெடுப்பாங்க. மேல அழுக்கு இருக்குன்னு தின்னர்ல துடைப்பாங்க, அசிட்டோன்ல துடைப்பாங்க, ரெண்டுமே கூடாது, லேசான சோப்பு தண்ணி இல்லன்னா ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போதும். ஸ்குரூ கழலாம இருக்க திரெட்லாக்கர் (ஸ்குரூ மரைல விடற பசை) விடுவாங்க, அது பட்ட இடத்துல பி.சி விரியும். பிவிசி ஒயர் பீஸ ஒட்டிக்கிட்டே கெடந்தா அதுல இருக்கற பிளாஸ்டிசைசர் இறங்கி நாளடைவுல கீறல் விடும். கவுன்டர்சங்க் ஸ்குரூ ஆப்பு மாதிரி இறங்கும், பான் ஹெட் போட்டு அடில வாஷர் வைக்கச் சொல்லுங்க, டார்க் (முறுக்கற விசை) செட் பண்ண ஸ்குரூடிரைவர் குடுங்க.

ரன்னர் கிரைண்டிங் எவ்வளவு சேக்கலாம்னு எல்லாரும் கேக்கறாங்க. யூஎல் பீஸுக்கு அதே யூனிட்ல அதே கிரேடுல வந்தது 25 சதவீதம் வரைக்கும் ஒத்துக்கறாங்க. கண்ணாடி மாதிரி தெளிவு வேணும்னா அதுலயும் பாதிக்கு கீழ வெச்சுக்கங்க. கிரைண்டர்ல வர்ற பவுடர சல்லடைல தள்ளிடுங்க, அதுதான் மொதல்ல கருகி கரும்புள்ளியா பீஸ்ல உக்காரும். அரைச்ச தானாவயும் வெர்ஜினோட சேத்து அதே நாலு மணி நேரம் காய வெக்கணும், "இப்பதான் மெஷின்லேர்ந்து சூடா வந்துச்சு"ன்னு நேரா ஹாப்பர்ல கொட்டறவங்கள பாத்தா அங்கேயே நிறுத்துங்க.