பெயர்ப்பலகையைப் பார்க்காமலே இது எந்தச் சபைக் கோயில் என்று கண்டுபிடிப்பது

முகப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூர் வளைவு, உயர்ந்த ஊசிக்கோபுரம், வண்ணக் கண்ணாடி எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் எல்லாச் சபையாரும் விரும்பிக் கட்டியவை. 1896இல் எழுந்த சென்னைச் சாந்தோம் பசிலிக்கா கோதிக் பாணி. தூத்துக்குடிப் பக்கம் மெஞ்ஞானபுரத்தில் உள்ள பவுல் கோயிலும் கோதிக்தான். முதலாவது கத்தோலிக்கம், இரண்டாவது ஆங்கிலிக்க (இங்கிலாந்துத் திருச்சபை) மிஷனரிகள் கட்டியது, இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). வெளியூர் போகும்போது முகப்பைக் கடைசிக்கு வைத்துவிட்டு, வளாகத்திலிருந்து தொடங்குங்கள்.

கேட்டுக்குள் நுழைந்ததும் கெபி இருக்கிறதா என்று பாருங்கள். பாறை போலச் சிமெண்டில் கட்டிய குகை, உள்ளே லூர்து மாதா சுரூபம், எதிரே மெழுகுவர்த்தித் தட்டு. இது இருந்தால் கத்தோலிக்கம், சந்தேகமே வேண்டாம். சப்பரக் கொட்டகையும் தேர் நிறுத்துமிடமும் அதே கதைதான். கொடிமரத்தை மட்டும் நம்பாதீர்கள். சுரியானி (சிரிய வழிபாட்டு) மரபுக் கோயில்களிலும் பெருநாள் கொடி ஏறும். சென்னை, கோவை போன்ற ஊர்களில் கேரளத்திலிருந்து வந்தவர்களின் ஆர்த்தடாக்ஸ் கோயில்கள், இதே மரபைச் சேர்ந்தவை, பல உண்டு.

அடுத்தது உள்ளே, கிழக்குப் பக்கம். பழைய கோயில்களில் பெரும்பாலும் பலிபீடம் கிழக்கே இருக்கும். மனையின் அமைப்பால் திசை மாறியவையும் ஏராளம். அதனால் திசையைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பீடத்துக்கு அருகே சிறு பூட்டுள்ள நற்கருணைப் பேழை, அதன் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கு, சுவர்களில் 14 சிலுவைப்பாதை நிலைகள், ஓரத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டி: இவை கத்தோலிக்க அடையாளங்கள். பீடத்தின் முன் இழுத்து மூடும் திரை தொங்கினால் சுரியானி மரபு. வழிபாட்டின் நடுவே அந்தத் திரை மூடித் திறக்கும்.

பீடத்துக்குப் பதில் மேசை, மேசை மேல் ஆள் உருவம் இல்லாத வெறுஞ்சிலுவை, பக்கச் சுவரில் அன்றைய பாட்டு எண்களைச் செருகும் மரப்பலகை என்றால் புரொட்டஸ்டண்ட். இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள்: லுத்தரன் கோயில்களில் பாடுபட்ட சுரூபமும் (இயேசு உருவம் உள்ள சிலுவை) இருக்கும், மெழுகுவர்த்தியும் இருக்கும். தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1718இல் சிலுவை வடிவத் தரையமைப்பில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு கட்டியது. மறு வருஷமே இறந்த அவர் அதற்குள்ளேயே அடக்கமாகி இருக்கிறார். முகப்பின் மேலே டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் பெயர்முத்திரையும் சுண்ணாம்புச் சுதையில் தெரியும். இப்படி அரச முத்திரையோ கம்பெனிச் சின்னமோ கண்ணில் பட்டால், கட்டியவர்களுக்குப் பணமும் பாதுகாப்பும் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துவிடும். இது இப்போது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் கோயில்.

சி.எஸ்.ஐ. என்று கண்டுபிடித்ததோடு நின்றுவிடக் கூடாது. வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் முன்பே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை என எல்லாரும் ஒன்றானார்கள். பலகை ஒன்று, கட்டடங்கள் நாலு விதம். ஆங்கிலிக்கர் கட்டியது நீளமாக இருக்கும்; மேசை கடைசிக் கோடியில், நடுவே பாடகர் குழுவுக்கு இடம், பிரசங்க பீடம் ஓரமாக. பிரஸ்பிட்டேரியர்களுக்குப் பிரசங்கம் காதில் விழுவதுதான் முக்கியம். எழும்பூரில் 1821இல் திறந்த ஆண்ட்ரூஸ் கிர்க்குக்குள் (கிர்க் என்றால் ஸ்காட்லாந்துக்காரர் வழக்கில் கோயில்) நின்று பாருங்கள்: 16 தூண்கள் தாங்கும் வட்டக் குவிமாடத்தின் கீழே, மேடையைச் சுற்றிச் சபை உட்காரும். வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் கோயில் ஒன்றின் சாயல். உள்ளே போனால்தான் உருண்டை என்று தெரியும். மண் இளகலாக இருந்ததால் உறைகிணறு இறக்கி அதன்மேல் அஸ்திவாரம் போட்டார் பொறியாளர் டி ஹாவிலண்ட்.

படை வீரர்களுக்காகக் கட்டிய கோயில்கள் தனி ரகம். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் மேரி கோயிலின் (1680) கூரையில் மரமே கிடையாது. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று செங்கல் வளைவாகவே கட்டினார்கள். சுற்றிலும் தரையில் பாவியிருப்பவை வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்த பழைய கல்லறைக் கற்கள். ஆகவே ஒரு கோயிலைச் சுற்றிக் கல்லறைக் கல் கிடந்தால் அங்கேயே ஆள் புதைந்திருக்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். கற்கள் வேறிடத்திலிருந்து வந்தும் பதிந்திருக்கலாம்.

பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளுக்குக் கட்டடத்தில் அடையாளம் தேடினால் கிடைக்காது, அதுவே அடையாளம். நீள மண்டபம், சுவரில் வசனம், பாய் அல்லது பிளாஸ்டிக் நாற்காலி. முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதால் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மேடைப் பலகையைத் தூக்கினால் கீழே இருப்பதும் உண்டு. சனிக்கிழமை கூட்டம் நடந்தால் ஏழாம் நாள் சபை.

இனி கற்கள். அடிக்கல், கல்லறை எழுத்துகளில் உள்ள தமிழே சபையைக் காட்டிக்கொடுக்கும். "சேசு", "சூசையப்பர்", "சர்வேசுரன்" என்றால் பழைய கத்தோலிக்க எழுத்து. "கர்த்தர்", "பராபரன்", "கிறிஸ்துவுக்குள் நித்திரையடைந்தார்" என்றால் புரொட்டஸ்டண்ட் பக்கம். சுண்ணாம்பு பல முறை அடித்த கல் நேர் வெளிச்சத்தில் படிக்கவே வராது. டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழும். சுரண்டவோ மாவு பூசவோ வேண்டாம்.

ஆண்டைக் குறிக்கும்போது அடிக்கல்லா பிரதிஷ்டையா என்று எழுதிக்கொள்ளுங்கள். இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் கட்டிய கோயில் 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. யாரோ ஒரு தேதியை மட்டும் குறித்துவிட்டால் 33 வருஷம் தடுமாறும். மயிலாப்பூர் லஸ் கோயிலில் 1516 என்று கல்வெட்டு இருக்கிறது. இன்றைய கட்டடம் முழுவதும் அந்த வயதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. "கல்வெட்டில் 1516" என்று எழுதுவதே சரி.

பட்டப்பெயரை ஊர்க்காரர்களிடம்தான் வாங்க வேண்டும். லஸ் கோயிலுக்குக் காட்டுக் கோயில் என்று பெயர். அங்கே காடு இருந்ததன் மிச்சம் அது. பாளையங்கோட்டையில் திரித்துவப் பேராலயம் என்று கேட்டால் முழிப்பார்கள், ஊசிக்கோபுரம் என்றால் வழி சொல்வார்கள். புதுச்சேரியில் அமலோற்பவ மாதா பேராலயத்துக்குச் சம்பா கோயில் என்று பெயர். அரிசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை: முன்பு அங்கிருந்த சேசு சபையாரின் பவுல் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன விதம் தமிழ் வாயில் அப்படி ஆயிற்று. பழைய கோயிலை ஆங்கிலேயர் 1761இல் இடித்தார்கள். இப்போது நிற்பது 1791இல் முடிந்தது. பெயர் மட்டும் பழசு. அதே ஊரின் கப்ஸ் கோயில் கப்புச்சின் துறவிகளின் பெயரைச் சுமக்கிறது. முதலில் ஒலியைக் கேட்டபடியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு எந்தத் துறவற சபை, எந்தப் புனிதர் என்று தேடுங்கள்.

நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் பட்டப்பெயருக்கும் தரையமைப்புக்கும் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலில் இரண்டு நீள மண்டபங்கள் பீடத்தில் வந்து கூடும். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி என்று கிண்டல் செய்தார்கள். வேளாளர் ஒரு காலில், நாடார் மறு காலில், நடுவே பிரிக்கும் தடுப்பு. 1910இல் தடுப்பை இடித்ததும் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. விசித்திரமான தரையமைப்பைக் கண்டால் கொத்தனாரின் கற்பனை என்று தள்ளிவிடாமல், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள்.

மாதா கோயில் என்ற பெயரை மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். கிறிஸ்தவர் அல்லாத ஊர்க்காரர்களுக்கு எல்லாச் சர்ச்சும் மாதா கோயில்தான். பேருந்து நிறுத்தத்தின் பெயர் மாதா கோயிலாக இருந்து, இறங்கிப் பார்த்தால் லுத்தரன் கோயிலாக இருக்கும். கேட்க வேண்டிய ஆள் உபதேசியாரோ (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) கோயில்பிள்ளையோ (கோயிலைப் பார்த்துக்கொள்பவர்). ஞாயிறு காலை அவரைப் பிடிக்காதீர்கள். வார நாளில் சாயங்கால மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போங்கள், சாவியும் அவரிடம்தான் இருக்கும். வாசலில் செருப்புகள் கிடந்தால் உங்களுடையதையும் கழற்றிவிடுங்கள்.