ரொறன்ரோவில் வாடகை வீடு: மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு

காத்தான்குடியில் வளவு விலை ஏன் ஏறுகிறது என்று உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இடையில் உள்ள நிலம் கூடப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கமும் இதே நெருக்கடிதான்.

ரொறன்ரோவில் நிலத்தை நெருக்கியது சட்டம். குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதியில் நெடுங்காலமாகத் தனிவீடு மட்டுமே கட்டலாம் என்று வைத்திருந்தார்கள். ஒரே கட்டடத்தில் நான்கு வீடுகள் வரை கட்டலாம் என்ற அனுமதி நகரம் முழுவதற்கும் 2023 மே மாதத்தில்தான் வந்தது. அதற்கடுத்த மாதம் கனடாவின் சனத்தொகை 4 கோடியைத் தாண்டியது. ஆட்கள் விமானத்தில் வந்து இறங்கிவிடுவார்கள், வீடு எழும்ப வருடங்கள் எடுக்கும். வாடகை ஏறியது அதனால்தான். 2024இல் வெளிநாட்டு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது, முன்பு கட்டத் தொடங்கிய கொண்டோக்களும் (தனித்தனியாக விற்கும் மாடி வீடுகள்) முடிந்தன. வாடகை சற்று இறங்கியது. ஆகவே 2023இல் வந்த மச்சான் சொல்லும் தொகையை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைத்துக் கேளுங்கள்.

வீடு பார்க்கும்போது சுவர் நிறத்தைவிட முக்கியம், அதில் முதன்முதலில் ஆள் குடியேறிய திகதி. 2018 நவம்பர் 15க்குப் பின் என்றால் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. 90 நாள் முன்னறிவித்தல் தந்து, வருடத்துக்கு ஒருமுறை விரும்பியபடி ஏற்றலாம். பழைய கட்டடம் என்றால், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசு அறிவிக்கும் வீதம்தான். 2025இல் அது 2.5%. இரண்டு வீட்டுக்கும் வாடகை ஒன்றாக இருந்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன்.

ஊரில்போல ஆறு மாத முற்பணம் இங்கே கேட்க முடியாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். வீட்டில் ஏதும் உடைந்தால் கழிப்பதற்கென்று வைப்புப் பணம் கேட்பதும் சட்டவிரோதம்.

நம்மவர்கள் பெரும்பாலும் இன்னொருவர் வீட்டில் ஒரு அறை எடுத்துத்தான் தொடங்குகிறோம். வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்தால், இந்தப் பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு இல்லை. சொந்தக்காரர் வீடு என்றாலும், வாடகை எவ்வளவு, எழும்பச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம் என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

வீட்டுக்காரரோடு பகிராமல் வீடு எடுப்பவர்கள், ஒன்ராறியோவின் பொது வாடகை ஒப்பந்தப் படிவத்தை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 21 நாளுக்குள் வீட்டுக்காரர் அதைத் தர வேண்டும்.